பெயர் கூப்பிடுகிற வராந்தா

கடலூரில் அந்தப் பழைய கோர்ட் கட்டடம் எப்போது கட்டியது என்று நான் பார்த்த ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கம்பெனிக்காரன் கட்டியது என்றார் ஒரு வக்கீல். இல்லை, அதற்குப் பிறகு ராணி காலத்தில் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, அது முதலில் கோர்ட்டே இல்லை, எவனோ ஒரு துரை குடியிருந்த பங்களா, அவன் கப்பல் ஏறியதும் கோர்ட்டாக்கிவிட்டார்கள் என்று அடித்துச் சொன்னார். சத்தியம் வாங்கிச் சாட்சி விசாரிக்கிற இடத்திலேயே ஆளுக்கொரு கதை. வாசலில் கல்வெட்டும் இல்லை. இருந்திருந்தாலும் வருஷா வருஷம் அடித்த வெள்ளையில் எப்போதோ மூடிப் போயிருக்கும்.

நான் சிதம்பரத்தில் ஒரு இன்ஜினியர் ஆபீஸில் வீட்டு பிளான் வரைகிறவள். சிவில் டிப்ளமோ. எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் சுவரின் கனத்தைப் பார்ப்பேன், அப்புறம்தான் மனிதர்களைப் பார்ப்பேன். துக்கம் கேட்கப் போன ஒரு வீட்டில் ஜன்னலுக்கு மேலே ஓடியிருந்த விரிசலையே பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதற்காக வீட்டுக்கு வந்ததும் என் மாமியார் என்னை வறுத்தெடுத்திருக்கிறார். ஆனால் கடலூர் கோர்ட்டுக்கு நான் கட்டடம் பார்க்கப் போகவில்லை. என் கல்யாணத்தை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கப் போனேன்.

என் கணவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர். எங்கள் பக்கத்தில் அது ஒரு செய்தியே இல்லை. முதலில் வாரா வாரம் போன் வந்தது. பிறகு மாதத்துக்கு ஒன்று. பிறகு பெருநாளைக்குப் பெருநாள். கடைசியில் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் அரபியிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிச் சொன்னாள். வேலை பார்த்த இடத்தில் விசாரித்தால், ஆள் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றார்கள். கூடத் தங்கியிருந்தவர்கள் ஆளுக்கொரு ஊரைச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி, ஜெயில், தூதரகம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களைப் பிடித்துத் தேடினோம். செத்தவர்களிலும் இல்லை, இருக்கிறவர்களிலும் இல்லை.

நான்கு வருஷம் புருஷனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லாவிட்டால் முஸ்லிம் பெண் கோர்ட்டுக்குப் போய்க் கல்யாணத்தை ரத்து செய்துகொள்ளலாம், அதற்குச் சட்டமே இருக்கிறது என்று சொன்னவர் வக்கீலம்மா. கடலூர் செம்மண்டலத்தில் தன் வீட்டு முன்னறையையே ஆபீஸாக வைத்திருந்தார். "வேற நிக்காஹ் பண்ற யோசனை இருக்காம்மா? தப்பா எடுத்துக்காத, கேக்க வேண்டியது என் கடமை" என்றார். அவராவது கடமைக்குக் கேட்டார். மற்றவர்களெல்லாம் வாய் ருசிக்குக் கேட்டார்கள். பண்ணிக்கொண்டால்தான் என்ன? உண்மையில் அப்போது அப்படி யாரும் இல்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் "சார் எங்க இருக்காரு?" என்பார்கள். வெளிநாட்டில் என்றால் "எப்ப வருவாரு?" என்பார்கள். கல்யாண வீட்டில் என்னைப் புருஷன் உள்ளவர்கள் பக்கமா, மற்றவர்கள் பக்கமா, எங்கே உட்கார வைப்பதென்று என் சொந்தக்காரப் பெண்களே தடுமாறினார்கள். பொண்டாட்டி, விதவை, விட்டுவிடப்பட்டவள், எதுவானாலும் சரி, நான் இன்னது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. அவ்வளவு களைத்துப் போயிருந்தேன்.

சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. காணாமல் போனவரின் வாரிசுகளுக்கும் நோட்டீஸ் போக வேண்டும். அவர்களும் வந்து தங்கள் தரப்பைச் சொல்லலாம். என் கணவருக்கு வாப்பா இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. இருந்தது உம்மா மட்டும்தான். அந்த மாமியோ பரங்கிப்பேட்டை வீட்டைக் காலி செய்துவிட்டு, மகன் போன நாளிலிருந்து சிதம்பரத்தில் என்னோடுதான் இருந்தார். ஆகவே நான் போட்ட கேஸின் நோட்டீஸ் என் வீட்டுக்கே வந்தது. கொண்டுவந்த கோர்ட் ஊழியருக்கு டீ போட்டுக் கொடுத்தது நான். மாமிக்குக் கண்ணில் புரை, அதனால் படித்துக் காட்டியதும் நான்தான். ஒரு வரி விடாமல் கேட்டார்.

"நல்லாத்தான் எழுதிருக்காங்க" என்றார். பிறகு, "அப்ப நானும் வரலாம்ல?" என்று கேட்டார்.

வாய்தாவுக்கு வாய்தா இப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் கடலூர் போனோம். வழக்குப் போட்டவளும், அது ஜெயிக்கக் கூடாது என்று துஆ கேட்கிறவரும் ஒரே சீட்டில். கேரியரில் தக்காளி சோறும் அவித்த முட்டையும் மாமி கட்டிக்கொண்டு வருவார். பஸ் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார். செம்மங்குப்பம் வந்ததும் கெமிக்கல் வாடை மூக்கில் ஏறி எழுந்துவிடுவார். துப்பட்டியால் மூக்கை மூடிக்கொண்டு "கடலூர் வந்துருச்சா?" என்பார். அந்த ரோட்டில் மைல்கல் யாருக்கும் தேவைப்படாது.

கட்டடத்தைச் சொல்கிறேன். நான் காத்திருந்ததில் உருப்படியாகச் செய்த வேலை அதைப் பார்த்ததுதான்.

முன்னால் ஒரு போர்டிகோ. குதிரை வண்டி உள்ளே வந்து நின்று, துரை மழையில் நனையாமல் இறங்குகிற உயரத்துக்கு வளைவு. அதைத் தாண்டினால் வரிசையாக உருண்டைத் தூண்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கல் என்று சத்தியம் செய்வோம். கிட்டே போய்ப் பூச்சு பெயர்ந்த இடத்தைப் பார்த்தால் உள்ளே சாதாரணச் செங்கல். வட்டமாக அடுக்கி, மேலே சுண்ணாம்பு பூசி, கிளிஞ்சல் பொடியால் பளபளப்பாக இழைத்திருக்கிறார்கள். கூரை மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரம், அதன் மேல் குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்தாக நிறுத்திக் கோணலாக அடுக்கியது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால்தான் அந்த அடுக்கு தெரியும். சித்திரை வெயில் அதைத் தாண்டிக் கீழே இறங்காது. ஹாலுக்குள், ஆள் வைத்து இழுக்கிற பங்கா விசிறியைக் கட்டிய கொக்கிகள் இன்னும் இருக்கின்றன. ஒரு கொக்கியில் இப்போது மின்விசிறி தொங்குகிறது.

எத்தனையோ பேர் வந்து அதை வெட்டியும் ஒட்டியும் இருக்கிறார்கள். கோர்ட்டுகள் கூடக் கூட இடம் போதவில்லை போலிருக்கிறது. பெரிய ஹாலின் நடுவே ஒரு சுவரை எழுப்பிவிட்டார்கள். அந்தச் சுவர் ஒரு அழகான வளைவைச் சரியாகப் பாதியாக வெட்டியது. பாதி வளைவு நீதிபதியின் தலைக்கு மேலே, மீதிப் பாதி அந்தப் பக்கம் ஆபீஸில் பீரோவுக்குப் பின்னால். என்னிடம் யாராவது இப்படி ஒரு பிளான் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த அரை வளைவைப் பார்த்து எனக்குள் கோபப்பட்டுக்கொள்வேன். கோபப்பட வேறு ஆள் கையில் கிடைக்கவில்லை.

ஒருநாள் பொழுது போகாமல் மனதுக்குள்ளேயே அளந்தேன். கட்டடத்தின் நாலு பக்கமும் சுற்றி வருகிற வராந்தாவின் பரப்பு, நடுவில் இருக்கிற ஹாலை விட ஜாஸ்தி. கட்டியவன் விவரமானவன். இந்த ஊரில் விசாரணையை விடக் காத்திருப்பதற்குத்தான் இடம் வேண்டும் என்று அவனுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தென்னார்க்காடு ஜில்லா முழுவதற்கும் கோர்ட் கடலூரில்தான் என்றிருந்த காலத்தில் விழுப்புரத்திலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். காம்பவுண்டில் நிற்கிற வேப்பமரங்களில் மாட்டைக் கட்டிவிட்டு இதே வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். வரப்புத் தகராறு, அடிதடி, பாகப்பிரிவினை. இப்போது மரத்தடியில் பைக் நிற்கிறது. வராந்தாவில் படுப்பதில்லை, போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். மற்றபடி பெரிய மாற்றம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

அந்த வராந்தாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அங்கேதான் பெயர் கூப்பிடுவார்கள்.

ஹாலின் வாசலிலிருந்து டவாலி வெளியே வருவார். வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்புப் பட்டை, நடுவில் பித்தளை வில்லை. வாசலுக்கு நேரே இரண்டு தூண்களுக்கு நடுவில் ஒரு கடப்பா கல் மட்டும் மற்றவற்றை விடப் பள்ளமாக இருக்கும். எத்தனை டவாலிகள் நின்று தேய்த்ததோ. அதில் நின்று, கேட்டைப் பார்த்து, பெயரையும் தகப்பன் பெயரையும் சேர்த்து மூன்று தடவை கூப்பிடுவார். மூன்றும் ஒரே மாதிரி இருக்காது. முதலாவது வராந்தாவில் இருப்பவர்களுக்கு. இரண்டாவது கொஞ்சம் உரக்க, டீக்கடையில் நிற்பவர்களுக்கு. மூன்றாவது யாருக்கும் இல்லை, முறைக்கு. கூப்பிட்டு முடித்து உள்ளே திரும்பி "இல்லீங்க" என்பார். அந்தக் கூரையின் உயரமும் வராந்தாவின் நீளமும் குரலை வாங்கி மெதுவாகத்தான் விடும். மைக் இல்லாமலே ரோட்டு வரைக்கும் கேட்கும்.

முதல் தடவை என் கணவர் பெயர் அங்கே கேட்டபோது அது அவர்தான் என்று எனக்கு உடனே உறைக்கவில்லை. வீட்டில் நான் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். மாமி ஒரு செல்லப் பெயரால் கூப்பிடுவார். அந்த முழுப் பெயரை, தகப்பன் பெயரோடு, கடைசியாக நான் உரக்கக் கேட்டது எங்கள் நிக்காஹ் அன்றைக்கு. மாமி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டார். ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டையே பார்த்தார். டவாலி உள்ளே போய், அடுத்த கேஸைக் கூப்பிட்டு, அதற்கு ஆள் வந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஏதோ காரணத்துக்காக வாய்தா போட்டார்கள்.

அப்புறம் அது ஒரு வழக்கமாகிவிட்டது. டவாலி வெளியே வருவார், மாமி எழுந்து நிற்பார். எனக்கு முதலில் பாவமாக இருந்தது, பிறகு எரிச்சலாக இருந்தது, பிறகு ஒன்றும் இல்லை. மனிதருக்கு எல்லாம் பழகிவிடுகிறது. பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு கேட்பது மாதிரி என் புருஷன் பெயரைக் கேட்டுக்கொண்டு வெயிலில் நகம் கடித்திருக்கிறேன்.

பேப்பரில் விளம்பரம் கொடுத்த பிறகு வந்த வாய்தா முக்கியமானது. வக்கீலம்மா காலையிலேயே எங்களை வராந்தாவில் நிறுத்தி விளக்கினார். "இன்னிக்கு மூணு தடவ கூப்பிடுவாங்க. ஆள் வரலன்னா எக்ஸ்பார்ட்டி. அவரு இல்லாமயே கேஸ நடத்தலாம். அப்புறம் சீக்கிரம் முடிஞ்சுடும்மா." அவர் என்னிடம்தான் சொன்னார். மாமி பக்கத்தில் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் கேஸ் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. டவாலி வந்து கல்லில் நின்றார். முதல் தடவை கூப்பிட்டார். இரண்டாவது தடவை கூப்பிட்டார். மூன்றாவதற்கு வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இருக்குறான்ங்க!"

மாமிதான். ஒரு கையை உயரத் தூக்கியிருந்தார், பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி.

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. டவாலிக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்கம்மா? கூப்பிடு" என்றார்.

"வருவான்ங்க. வெளில போயிருக்கான்."

"வெளிலன்னா? டீக்கடைக்கா?"

"அரபு நாட்டுக்குங்க."

யாரோ சிரித்தார்கள். டவாலி சிரிக்கவில்லை, ஆனால் உள்ளே போய் "இல்லீங்க" என்று சொல்லவும் முடியவில்லை. ஏதோ சொன்னார். உள்ளேயிருந்து எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார்கள். நீதிபதி ஒரு பெண்மணி. என்னை விடக் கொஞ்சம்தான் மூத்தவர் என்று தோன்றியது. அந்த அரை வளைவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, உங்க மகன் எங்க இருக்காருன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க."

"போன், கடிதம், யாராவது பாத்ததா தகவல்?"

"இல்லீங்க."

"அப்புறம் ஏன் இருக்கார்னு சொன்னீங்க?"

மாமி துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார். "அவன் பேரக் கூப்புடுறாங்க. பெத்தவ நான் பக்கத்துலயே நிக்கிறேன். யாரும் பதில் சொல்லலன்னா இல்லன்னு எழுதிப்புடுவாங்களாம். நான் எப்புடிம்மா வாய மூடிக்கிட்டு நிப்பேன்?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாரிசு என்ற முறையில் அவருக்குத் தகவல் தேட ஒரு வாய்ப்புத் தருவதாகச் சொல்லி வாய்தா போட்டார். வெளியே வந்ததும் வக்கீலம்மா பெருமூச்சு விட்டார். "என் சர்வீஸ்ல காணாமப் போனவருக்கு ஆஜர் சொன்னது இவங்கதாம்மா" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டு வரை அடக்கிக்கொண்டேன். பஸ் ஊரைத் தாண்டியதும் என்னால் முடியவில்லை.

"மாமி, உங்க புள்ளய இன்னிக்கு ரெண்டு தடவதான் கூப்பிட்டாங்க. உங்களுக்குத் தாங்கல. நான் நாலு வருசத்துக்கு மேல கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். எனக்கு யாரு பதில் சொன்னா?"

முன் சீட்டில் இருந்தவர் திரும்பினார். திரும்பட்டும் என்று விட்டுவிட்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். என் வயசு போகிறது என்றேன். உங்களுக்கு அவர் மகன், எப்போது வந்தாலும் மகன்தான், எனக்கு அப்படி இல்லை என்றேன். உங்களை வைத்துப் பார்த்துக்கொள்வது நான், பதில் சொல்வதென்றால் மட்டும் அவருக்காகவா என்றேன். சொல்லும்போதே அது அசிங்கம் என்று தெரிந்தது. நிறுத்த முடியவில்லை.

மாமி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். செம்மங்குப்பம் வாடை வந்தபோது மூக்கை மூடவில்லை. பிறகு கேரியரைத் திறந்தார்.

"காலைலேந்து ஒண்ணும் திங்கல நீ. முட்ட இருக்கு, எடு."

வாங்கித் தின்றேன். வேறு என்ன செய்வது? பசித்தது.

அதற்குப் பிறகு அவர் ஆஜர் சொல்லவில்லை. அடுத்த வாய்தாவில் மூன்று தடவையும் கூப்பிட்டார்கள். மாமி வாயைத் துப்பட்டியால் பொத்திக்கொண்டு நின்றார். டவாலி மூன்றாவது தடவைக்கு முன்னால் ஒரு விநாடி அவரைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் கூப்பிட்டார். "இல்லீங்க" என்று உள்ளே சொன்னது எங்களுக்கும் கேட்டது. எக்ஸ்பார்ட்டி ஆயிற்று. நான் கூண்டில் ஏறி, என் கல்யாணம், அவர் போனது, போன் நின்றது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல வேறு யாருடைய கதையோ மாதிரி இருந்தது.

நடுவில் கோர்ட் இடம் மாறியது. அதே காம்பவுண்டின் பின்புறம் கட்டிக்கொண்டிருந்த புதுக் கட்டடம் முடிந்து, கேஸ்கள் ஒவ்வொன்றாக அங்கே போயின. பழைய கட்டடத்தைப் பழுது பார்க்கப் போகிறார்கள் என்று சாரம் கட்டினார்கள். புதுக் கட்டடத்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தூண்கள் நிஜமாகவே கான்கிரீட். லிஃப்ட் இருந்தது, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இருந்தது, பெண்களுக்குக் கதவு சாத்துகிற கக்கூஸ் இருந்தது. அதற்காகவே கட்டியவனுக்குக் கை கொடுக்கலாம். வராந்தா மட்டும் கிடையாது. நீளமான தாழ்வாரம், இரண்டு பக்கமும் கதவு, வரிசையாக இரும்பு நாற்காலி. ஹால் கதவு கண்ணாடி, உள்ளே ஏசி, அதனால் எப்போதும் சாத்தியிருக்கும். வெளியே ஒரு போர்டில் சிவப்பு எழுத்தில் கேஸ் நம்பர் ஓடும். நம் நம்பர் வந்தால் உள்ளே போக வேண்டியதுதான்.

தீர்ப்பு அன்றைக்கும் இரண்டு பேரும்தான் வந்தோம். மாமிக்கு அது புதுக் கட்டடத்தில் முதல் தடவை. நடுவில் இரண்டு வாய்தாவுக்குக் கண் ஆபரேஷன் என்று வரவில்லை. காம்பவுண்டுக்குள் நுழைந்ததும் வக்கீலம்மா அவசரமாக வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "நம்பர் வந்துருச்சும்மா, ஓடி வா." நான் திரும்பி, "மாமி, பின்னாடி புதுக் கட்டடம், மெதுவா வாங்க" என்றேன். அவர் தலையாட்டினார்.

உள்ளே ஒரு வரிதான். மனு அனுமதிக்கப்படுகிறது. நீதிபதி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், அடுத்த கேஸ் கட்டை எடுத்தார். இத்தனை வருஷமும் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. வெளியே வந்து வக்கீலம்மா விளக்கினார். இந்தத் தீர்ப்பு உடனே நடைமுறைக்கு வராது. ஆறு மாதம் பொறுக்க வேண்டும். அதற்குள் அவர் நேரில் வந்து, குடும்பம் நடத்தத் தயார் என்று சொன்னால் தீர்ப்பு ரத்தாகிவிடும். "அதெல்லாம் வர மாட்டாரு. சட்டத்துல இருக்கு, அதனால சொல்றேன்" என்றார். நன்றி சொன்னேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கால் வலித்தது, அவ்வளவுதான்.

மாமியைக் காணவில்லை. இரும்பு நாற்காலிகளில் பார்த்தேன், கக்கூஸில் பார்த்தேன், டீக்கடையில் பார்த்தேன். அப்புறம் தோன்றி, முன்பக்கம் போனேன்.

பழைய கட்டடத்தின் வராந்தாவில் அவர் வழக்கமாக உட்காருகிற தூணுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். சாரக் கழிகளுக்கு நடுவில், மடியில் கேரியரோடு. ஹால் கதவில் பூட்டு தொங்கியது. தரையெல்லாம் உதிர்ந்த சுண்ணாம்பும் புறா எச்சமும். ஒரு ஈ காக்காய் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"எங்க போயிட்ட புள்ள? இன்னும் கூப்புடல."

"மாமி, இங்க கோர்ட் இல்ல. அங்க மாத்திட்டாங்கன்னு சொன்னேன்ல?"

"அங்க விசாரிப்பாங்க. பேரு கூப்புடுறது இங்கதானே?"

"முடிஞ்சிருச்சு மாமி."

பூட்டிய கதவைத் திரும்பிப் பார்த்தார். "பேரு கூப்புடாமயா?" என்றார்.

"அங்க கூப்பிட மாட்டாங்க. போர்டுல நம்பர் வரும்."

"நம்பரா?" அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. உண்மையாகவே புரியவில்லை. "அந்த நம்பரு தனக்குத்தான்னு அவனுக்கு எப்புடித் தெரியும்?"

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லப் போனேன். அதற்குள் அவர் கேரியரை என் கையில் கொடுத்தார். துப்பட்டியை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டார். சாரக் கழியைப் பிடித்துக்கொண்டு நடந்து, பூட்டிய வாசலுக்கு நேரே இருந்த அந்தப் பள்ளமான கல்லில் போய் நின்றார். கேட்டைப் பார்த்தார். கூப்பிட்டார்.

முழுப் பெயர் இல்லை. வீட்டில் கூப்பிடுகிற பெயர். சாப்பாட்டு நேரத்துக்குத் தெருவில் விளையாடுகிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, முதல் தடவை சாதாரணமாக. இரண்டாவது தடவை கொஞ்சம் நீட்டி. மூன்றாவது தடவை குரல் உடைந்து, ஆனால் அவ்வளவு உரக்க அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. மரத்தடியில் பைக்கை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் அப்படியே நின்றுவிட்டார். புறாக்கள் கூரையிலிருந்து எழும்பின.

மாமி நின்றார். டவாலி நிற்பதை விட ரொம்ப நேரம் நின்றார். கேட்டில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து ஆள் இறக்கிவிட்டுப் போயிற்று. இறங்கியவர்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"வரல" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. எந்த மனிதரை இல்லை என்று எழுதி வாங்க இத்தனை தடவை இந்த ரோட்டில் போய் வந்தேனோ, அவருக்காக நானே வாதாட ஆரம்பித்தேன். "இன்னும் ஆறு மாசம் இருக்கு மாமி. அதுக்குள்ள வந்துட்டா தீர்ப்பு செல்லாதாம். வக்கீலம்மா சொன்னாங்க. ஆறு மாசம் டைம் இருக்கு."

"அது கோர்ட்டுக்கு" என்றார் மாமி. "நான் பெத்தவ. நான் கூப்பிட்டு வராதவன் இனிமே யாரு கூப்பிட்டு வரப் போறான்?" கல்லிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். ஆபரேஷன் ஆன கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்தது. "நீ போ புள்ள. ஒனக்கு எங்க போவணுமோ, யாரோட போவணுமோ, போ. நான் இனிமே குறுக்க பேச மாட்டேன்."

கேஸ் போட்ட நாளிலிருந்து இதை ஒருவர் என்னிடம் சொல்ல மாட்டாரா என்றுதான் காத்திருந்தேன். நீதிபதி சொல்லி எனக்கு வராத அழுகை, அப்போது வந்தது. கேரியரைக் கீழே வைத்துவிட்டு, அந்தத் தூணில் சாய்ந்து, யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் அழுதேன். மாமி என் பக்கத்தில் நின்று, நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.